மாமியார் உடைத்தால் மண்குடம்!

'மாமியார் உடைத்தால் மண்குடம்; மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்ற பழமொழியை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதைப் படிக்கிற சகோதரிகளில் பாதிப் பேர் மருமகளாக இருந்து அதை அனுபவித்திருப்பீர்கள். மீதிப் பேர் மாமியாராகி அதை அமலுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். (கோபித்துக்கொள்ள வேண்டாம்!) உடைந்தது என்னவோ ஒரே குடம்தான். கொட்டியதும் ஒரே தண்ணீர்தான். உடைத்த கை யாருடையது என்று பார்த்த பிறகுதான் குடத்தின் விலை நிர்ணயமாகிறது.

சில நாட்களாக என் மேஜைமேல் அமெரிக்கச் சட்டசபையின் ஓட்டுப் பட்டியல்கள் சில கிடக்கின்றன. அந்தச் சட்டசபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் காங்கிரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார் என்று பெயர் பெயராகப் போட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். படிக்கப் படிக்க இந்தப் பழமொழிதான் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அவர்கள் ஓட்டுப் போட்ட விஷயம் இதுதான்: சர்க்கார் தன் ஜனங்களின் டெலிபோனையும் கடிதங்களையும் எந்த அளவுக்கு எட்டிப் பார்க்கலாம்?

'அமெரிக்காக்காரன் டெலிபோனை அமெரிக்காக்காரன் கேட்கிறான், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு வீட்டு டெலிபோன் கணக்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி: லேடி டாக்டருக்கு நாலு நிமிஷம். பதினொன்றரை: ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்துக்கு இரண்டு நிமிஷம். மத்தியானம்: வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு ஐம்பது நிமிஷம். இரவு ஒரு மணிக்கு அக்காவுக்கு இருபது நிமிஷம். மறுநாள் காலை நகைக்கடன் கொடுக்கும் பாங்குக்கு ஐந்து நிமிஷம். என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூட இதில் இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு என்ன வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

2013-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒரு ரகசியம் வெளியாயிற்று. இந்த மாதிரிக் கணக்கைத்தான், கோடிக்கணக்கான அமெரிக்கர்களுடைய கணக்கைத்தான், தினந்தோறும் அந்நாட்டுச் சர்க்கார் டெலிபோன் கம்பெனிகளிடமிருந்து மொத்தமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. வெளியிட்டவர் எட்வர்ட் ஸ்னோடன் என்ற 29 வயது இளைஞர். தேசியப் பாதுகாப்பு ஏஜென்ஸி என்ற ஒற்று இலாகாவில் ஒப்பந்த வேலை பார்த்தவர். சந்தேகத்துக்கு உரியவர்களின் கணக்கை மட்டும் எடுக்கவில்லை, எல்லோருடையதையும் எடுத்தார்கள். இதற்கு ஒரு ரகசிய நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான், மார்ச் 12-ஆம் தேதி, செனட் சபையின் கமிட்டி ஒன்றில் ரான் வைடன் என்ற அங்கத்தினர் ஒற்று இலாகாக்களுக்கெல்லாம் தலைவரான ஜேம்ஸ் கிளாப்பரைப் பார்த்து, 'கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா?' என்று நேருக்கு நேராகக் கேட்டார். 'இல்லை ஐயா' என்று பதில் வந்தது. அந்தக் கமிட்டியில் இருந்ததால் வைடனுக்கு உண்மை தெரியும். ஆனால் ரகசியப் பிரமாணம் வாயைக் கட்டியிருந்தது. வெளியே சொல்ல முடியாது. பின்னால் விஷயம் அம்பலமானதும், தம் பதில் தவறானது என்று கிளாப்பர் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வைடன் ஜனநாயகக் கட்சிக்காரர். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவும் அதே கட்சிதான். தம் வீட்டு ஆளையே நடுக்கூடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார் மனிதர்.

இந்தக் கதைக்கு ஒரு பழைய அத்தியாயம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வரும் ஒரு கிழவரை உங்களுக்குப் புரியாது.

1965-ஆம் வருஷம் ஜனவரி மாதம். நீக்ரோ மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்கு ஒரு சிறு பார்சல் வந்திருந்தது. அதைப் பிரித்தவர் அவர் மனைவி கொரெட்டா. உள்ளே ஒரு ஒலிப்பதிவு நாடாவும், கையெழுத்தில்லாத ஒரு கடிதமும் இருந்தன. கிங் தங்கிய ஹோட்டல் அறைகளில் ரகசியமாகப் பதிவு செய்தது அந்த நாடா. தற்கொலை செய்துகொண்டுவிடு என்று சொல்லாமல் சொல்லியது அந்தக் கடிதம். அனுப்பியது ஏதோ ஓர் அயோக்கியன் அல்ல, எஃப்.பி.ஐ. என்ற மத்தியத் துப்பறியும் இலாகா. ஒரு குடும்பப் பெண் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன் கணவனைப் பற்றிச் சர்க்கார் ஒட்டுக்கேட்டதைக் கேட்க நேர்ந்தது என்றால் அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? நான் எழுத வேண்டாம். நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிங்கின் டெலிபோனை ஒட்டுக்கேட்க 1963-ஆம் வருஷம் அக்டோபரில் அனுமதி கொடுத்தவர் யார் தெரியுமா? ராபர்ட் கென்னடி. அப்போது ஆண்டது ஜனநாயகக் கட்சி. கிங்கின் உரிமைச் சட்டங்களுக்குத் துணை நின்றதும் அதே கட்சிதான்! இவையெல்லாம் 1975-இல் செனட் விசாரணைக் கமிட்டி ஒன்று தோண்டி எடுத்த பிறகுதான் ஊருக்கு முழுமையாகத் தெரிந்தன. அதன் பலனாக 1978-இல் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டு ஒற்று வேலைக்காக அமெரிக்க மண்ணில் ஒட்டுக்கேட்க வேண்டுமானால் ஒரு தனி நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்று அது சொல்லியது.

அந்தப் பார்சல் பிரிக்கப்பட்ட அதே ஜனவரியில்தான் பிரதிநிதிகள் சபையில் புது அங்கத்தினராக வந்து உட்கார்ந்தார் ஜான் கான்யர்ஸ் என்ற டெட்ராய்ட் நகரத்து நீக்ரோ வக்கீல். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க மறுத்த ரோஸா பார்க்ஸ் அம்மையார் பல வருஷம் இவருடைய ஆபீஸில்தான் வேலை பார்த்தார். கிங் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே, அவர் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்க மசோதா கொண்டுவந்தவரும் இவரே. அவரைச் சற்று நேரம் அங்கேயே உட்கார வைத்துவிட்டு, 2001-ஆம் வருஷத்துக்குப் போவோம்.

அந்த வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. ஆறே வாரத்தில், போலீஸுக்கும் ஒற்று இலாகாவுக்கும் ஏராளமான அதிகாரம் கொடுக்கும் 'தேசபக்தர் சட்டம்' வந்துவிட்டது. பெயரைப் பாருங்கள்! இதற்கு எதிராக ஓட்டுப் போட்டால் நீ தேசபக்தன் இல்லை என்று பெயரே சொல்லிவிடுகிறது. செனட் சபையில் 98 பேர் ஆம் என்றார்கள். ஒரே ஒருவர் இல்லை என்றார். விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த ரஸ் ஃபைன்கோல்ட். மசோதாவில் சில திருத்தங்களாவது செய்யலாம் என்று அவர் முயன்றபோது, அவற்றைத் தள்ளிவிடும்படி சபையைக் கேட்டுக்கொண்டவர் அவருடைய சொந்தக் கட்சியின் தலைவரே. ஜனாதிபதி புஷ் எதிர்க்கட்சிக்காரர். ஆனாலும் ஃபைன்கோல்டுக்குக் கால் இடறியது தம் வீட்டுப் படியில்தான்.

நம் நாட்டில் கொறடா உத்தரவு போட்டால் மீறி ஓட்டுப் போட முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போய்விடும். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கத்தினர் தம் இஷ்டப்படி ஓட்டளிக்கலாம். ஆனால் சட்டத்தில் இல்லாத தண்டனைகள் குடும்பத்தில் இருப்பதுபோல் கட்சியிலும் உண்டு. நல்ல கமிட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த தேர்தலில் உதவ மாட்டார்கள். கட்சிக் கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இந்தக் கடைசித் தண்டனையைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள் லேசாக நினைக்க மாட்டார்கள்.

2005-ஆம் வருஷம் டிசம்பரில் ஒரு பத்திரிகை இன்னொரு குண்டைப் போட்டது. நீதிமன்ற உத்தரவே இல்லாமல் புஷ்ஷின் சர்க்கார் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது என்பது அந்தச் செய்தி. ஜனநாயகக் கட்சியினர் கொதித்தார்கள். குடியரசுக் கட்சியினர், 'நாட்டைக் காப்பாற்ற வேண்டாமா?' என்றார்கள். அந்தச் சமயத்தில் பேச்சிலும் எழுத்திலும் அந்தரங்க உரிமைக்குக் கொடி பிடித்தவர்களில் இளம் செனட்டர் பராக் ஒபாமாவும் ஒருவர். சர்க்காருக்கு ஒத்துழைத்த டெலிபோன் கம்பெனிகளின்மேல் யாரும் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புக் கொடுக்கும் எந்த மசோதாவையும் முட்டுக்கட்டை போட்டு நிறுத்த ஆதரவு தருவார் என்று 2007-இல் அவர் தரப்பில் உறுதி சொல்லப்பட்டது.

2008-ஆம் வருஷம் ஜூலை 9-ஆம் தேதி அதே பாதுகாப்புடன் மசோதா வந்தது. அதற்குள் ஒபாமா ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் ஆகியிருந்தார். அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிடலாம் என்ற திருத்தத்துக்கு ஆம் என்றார், அது தோற்றது. பிறகு முழு மசோதாவுக்கும் ஆம் என்றே ஓட்டளித்தார்! 69-க்கு 28 என்று நிறைவேறியது. கட்சி வேட்பாளர் போட்டியில் அவரிடம் தோற்றிருந்த ஹிலாரி கிளின்டன் அன்று இல்லை என்று ஓட்டளித்தார். சாவி தன் இடுப்புக்கு வரப்போகிறது என்று தெரிந்த மருமகளுக்கு, 'அலமாரியைப் பூட்டி வைக்கக் கூடாது' என்ற பழைய வாதம் மறந்துபோவது இயற்கைதானே.

அங்கத்தினர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஓட்டுப் போடும் ஜனங்கள் எப்படி? 'ப்யூ' என்ற ஆராய்ச்சி நிலையம் 2006 ஜனவரியிலும் 2013 ஜூனிலும் ஜன அபிப்பிராயம் கேட்டது. முதல் தடவை புஷ் ஆட்சி. இரண்டாம் தடவை ஒபாமா ஆட்சி. சர்க்கார் இப்படி டெலிபோன்களைக் கண்காணிப்பது சரிதான் என்று சொன்ன குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பு நூற்றுக்கு 75 பேர். பின்பு 52 பேர். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் முன்பு 37 பேர். பின்பு 64 பேர். கேள்வியின் வார்த்தைகள் இரண்டு தடவையும் அச்சாக ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் மண்குடமும் பொன்குடமும் எப்படி இடம் மாறின, பார்த்தீர்களா?

இப்போது கான்யர்ஸ் கிழவரைப் பார்க்கப் போகலாம்.

ஸ்னோடன் விஷயத்தை வெளியிட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. கான்யர்ஸுக்கு 84 வயது. அவருடன் சேர்ந்தவர் அதே மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த ஜஸ்டின் அமாஷ் என்ற 33 வயது இளைஞர். அமாஷ் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். தகப்பனார் பாலஸ்தீன அகதி, தாயார் சிரியாக்காரர். தாம் போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணத்தை எழுதி ஊருக்கு வெளியிடுவது அமாஷின் வழக்கம். தலைவர்கள் சொன்னபடி ஆடவில்லை என்பதற்காக 2012 டிசம்பரில் பட்ஜெட் கமிட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர். வரி விஷயத்திலோ வைத்திய வசதி விஷயத்திலோ இந்தக் கிழவரும் இந்த இளைஞரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். இதில் மட்டும் உட்கார்ந்தார்கள்.

ராணுவச் செலவு மசோதாவில் ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்தார்கள். விசாரணைக்கு உள்ளான ஆளின் கணக்கை எடுக்கலாம். ஊரார் கணக்கை மொத்தமாக அள்ளுவதற்குப் பணம் கிடையாது. அவ்வளவுதான் அதன் சாரம்.

அந்த இரண்டு நாள் தலைநகரில் நடந்த ஓட்டமும் ஆட்டமும் கல்யாண வீட்டைத் தோற்கடிக்கும். ஒற்று ஏஜென்ஸியின் தலைவரான ஜெனரல் அலெக்ஸாண்டர் தாமே நேரில் வந்து, மூடிய கதவுக்குள் அங்கத்தினர்களுக்கு மணிக்கணக்கில் விளக்கம் சொன்னார். வெள்ளை மாளிகை முதல் நாள் இரவே, திருத்தம் வேண்டாம் என்று அறிக்கை விட்டது. ஒபாமாவுக்கும் சபாநாயகர் பேனருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. அதே வருஷம் அக்டோபரில் இரண்டு கட்சிகளுக்கும் வந்த பட்ஜெட் தகராறில் சர்க்கார் ஆபீஸ்கள் 16 நாள் பூட்டிக் கிடந்தன. அப்படிப்பட்டவர்கள் இந்தத் திருத்தத்தைத் தோற்கடிப்பதில் மட்டும் தோளோடு தோள் நின்றார்கள். சபாநாயகர் ஓட்டுப் போடுவது அங்கே அபூர்வம். பேனர் போட்டார். ஜனநாயகக் கட்சியின் தலைவி நான்ஸி பெலோஸியும் அவருடன் சேர்ந்து இல்லை என்றே போட்டார்.

ஜூலை 24-ஆம் தேதி மாலை. எதிர்த்தவர்கள் செப்டம்பர் 11-ஐ நினைவூட்டினார்கள். மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். அது வெறும் மிரட்டல் அல்ல. 2001-இல் இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆதரித்தவர்களில் ஒருவர் பேசியதுதான் எல்லோரையும் நிமிர வைத்தது. ஜிம் ஸென்ஸென்பிரென்னர். 2001-இல் அந்தத் தேசபக்தர் சட்டத்தையே எழுதி நிறைவேற்றியவர்! தாம் எழுதிய சட்டத்தின் 215-ஆம் பிரிவை வைத்துக்கொண்டு ஊரையே வாரிச் சுருட்டுகிறார்கள், இதை நிறுத்தும் காலம் வந்துவிட்டது என்று அவர் எழுந்து சொன்னார். தாம் சமைத்ததைத் தாமே ருசி பார்த்து, உப்பு அதிகம் என்று ஒப்புக்கொள்ளும் சமையற்காரரை எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம்?

ஓட்டு எண்ணினார்கள். ஆம் 205; இல்லை 217.

தோற்றுவிட்டது. ஆனால் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். ஆம் என்றவர்களில் குடியரசுக் கட்சியினர் 94 பேர். ஜனநாயகக் கட்சியினர் 111 பேர். தங்கள் ஜனாதிபதியும் தங்கள் தலைவியும் வேண்டாம் என்று சொல்லியும், ஜனநாயகக் கட்சியில் பாதிக்குமேல் கிழவரின் பின்னால் போய்விட்டார்கள். இன்னும் ஏழே பேர் மனம் மாறியிருந்தால் திருத்தம் ஜெயித்திருக்கும்.

அந்த நெருக்கமான தோல்வி வீண்போகவில்லை. மொத்தமாக அள்ளிய அந்தக் கணக்குகளால் ஒரு பயங்கரவாத விசாரணையிலாவது முடிவு மாறியதாகத் தாங்கள் காணவில்லை என்று சர்க்கார் நியமித்த மேற்பார்வைக் குழுவே 2014 ஜனவரியில் எழுதியது. 2015 மே மாதம் மேல் நீதிமன்றம் ஒன்று அந்த வேலை சட்டத்துக்குப் புறம்பானது என்றது. ஜூன் 2-ஆம் தேதி செனட் சபை 67-க்கு 32 என்று அதை நிறுத்தும் சட்டத்தை நிறைவேற்ற, அன்றே ஒபாமா கையெழுத்திட்டார். 2013-இல் எதிர்த்த அதே ஒபாமாதான்.

கான்யர்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் நீங்கள் பின்னால் என்னைத் திட்டுவீர்கள். ஆபீஸில் வேலை பார்த்த பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று குற்றச்சாட்டுகள் எழுந்து, அவர் அவற்றை மறுத்தாலும், 2017 டிசம்பரில் பதவியை விட்டு விலக நேர்ந்தது. கொரெட்டாவின் அந்தரங்கம் எவ்வளவு பெரிது என்று அறிந்திருந்த மனிதரைப் பற்றித்தான் இதுவும். ஒரு ஓட்டில் ஒருவர் நேராக நின்றார் என்றால் அந்த ஓட்டில் நேராக நின்றார் என்றுதான் அர்த்தம்.

நிற்க. கணக்குகளை அள்ளுவது நின்றதே தவிர, இன்னொரு கதவு திறந்துதான் இருந்தது. 2008-இல் வந்த சட்டத்தின் 702-ஆம் பிரிவு அது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அந்நியர்களின் பேச்சையும் ஈ-மெயிலையும் ஆளுக்கு ஓர் உத்தரவு வாங்காமலே பிடிக்கலாம். அந்நியன் தன்னோடு தானே பேசிக்கொள்ள மாட்டானே! மறுமுனையில் அமெரிக்கர் இருந்தால் அவர் பேச்சும் வலையில் விழும். அப்படிச் சேர்ந்த குவியலுக்குள், எந்த அமெரிக்கருடைய பெயரைப் போட்டும் வாரண்டு இல்லாமல் எஃப்.பி.ஐ. தேடிக்கொள்ளலாம். இதனால் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்பு சொன்ன அதே மேற்பார்வைக் குழு, இந்தப் பிரிவினால் மதிப்புள்ள தகவல்கள் கிடைத்தன என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் 2,78,000 தடவை முறை தவறித் தேடியிருக்கிறார்கள் என்று 2023-இல் ஒரு நீதிமன்றக் குறிப்பு வெளிவந்தது. தேடப்பட்டவர்கள் யார்? 2021 ஜனவரி 6-ஆம் தேதி சட்டசபைக் கட்டடத்துக்குள் புகுந்த கலவரத்தில் சந்தேகிக்கப்பட்ட வலதுசாரிகள். 2020-இல் நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள். சட்டசபை வேட்பாளர் ஒருவருக்கு நன்கொடை கொடுத்த ஆயிரக்கணக்கானவர்கள். எஃப்.பி.ஐ.க்குக் கட்சி பேதம் இருந்ததாகத் தெரியவில்லை!

'அமெரிக்கர் பெயரைத் தேட வேண்டுமானால் வாரண்டு வாங்கு' என்ற கோரிக்கை பல தடவை சபைக்கு வந்தது. அதில் இரண்டு பட்டியல்களைத்தான் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பட்டியல் 2018 ஜனவரி 11. ஜனாதிபதி டிரம்ப், குடியரசுக் கட்சி. அன்று காலை எழுந்ததும் டிரம்ப் இந்தச் சட்டத்தைத் திட்டி எழுதினார். இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிக்கொண்டு, வேண்டும் என்று எழுதினார். அமாஷ் கொண்டுவந்த திருத்தம் 183-க்கு 233 என்று தோற்றது. ஆம் என்ற குடியரசுக் கட்சியினர் 58. ஜனநாயகக் கட்சியினர் 125.

இரண்டாவது பட்டியல் 2024 ஏப்ரல் 12. ஜனாதிபதி பைடன், ஜனநாயகக் கட்சி. ஆண்டி பிக்ஸ் என்பவர் பெயரில் வந்த திருத்தம். ஆம் என்ற குடியரசுக் கட்சியினர் 128. ஜனநாயகக் கட்சியினர் 84.

வெள்ளை மாளிகையில் ஆள் மாறினார். 58 என்பது 128 ஆயிற்று, 125 என்பது 84 ஆயிற்று. நடுவில் தேர்தல்களில் புதியவர்கள் வந்தார்கள், பழையவர்கள் போனார்கள், திருத்தங்களின் வாசகமும் ஒன்றல்ல என்பதெல்லாம் உண்மை. கணக்குப் பிள்ளைகள் அதற்கெல்லாம் கழித்துக்கொள்ளட்டும். கழித்த பிறகும் மிச்சம் இருக்கும்.

கட்சி மட்டும்தான் காரணமா? பயமும் உண்டு. 702-ஆம் பிரிவுக் குவியலில் தேடுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு திருத்தம் 2014 ஜூனில் 293-க்கு 123 என்று பிரமாதமாக ஜெயித்தது; கடைசியில் மேலிடத்தார் பேசி முடித்த மசோதாவில் அதைக் காணோம். அதே திருத்தம் 2016 ஜூனில் மறுபடி வந்தது. நாலு நாள் முன்பு ஆர்லாண்டோ நகரத்துக் கேளிக்கை விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். திருத்தம் 198-க்கு 222 என்று விழுந்தது. பயந்த வீட்டில் ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று சாவகாசமாக யோசிக்க முடியாது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அறிவு கூடியதும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. 2024-இல் சபாநாயகர் மைக் ஜான்ஸன் சொன்னது அதுதான். முன்பு சாதாரண அங்கத்தினராக நீதிக் கமிட்டியில் இருந்தபோது எஃப்.பி.ஐ.யின் அத்துமீறல்களைப் பார்த்துக் கட்டுப்பாடு வேண்டும் என்று நின்றவர் அவர். சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ரகசிய அறையில் மறுதரப்பு விளக்கத்தையும் கேட்டாராம், அபிப்பிராயம் மாறிற்றாம். இருக்கலாம். அந்த அறையில் என்ன காட்டுகிறார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஆனால் மனத்தை மாற்றுவது அந்தக் காகிதங்கள்தான் என்றால், ஜனாதிபதி எந்தக் கட்சி என்று பார்த்தா அவை மாற்றும்?

பெலோஸி அம்மையாருக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒபாமா காலத்தில் இல்லை என்றார். டிரம்ப்பை நாட்டுக்கே ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலும், அந்த டிரம்ப்பின் கையைக் கட்டும் திருத்தத்துக்கு இல்லை என்றார். பைடன் காலத்திலும் இல்லை என்றார். அவர் முடிவு எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மண்குடம், பொன்குடம் என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

2024-ஆம் வருஷத்து அந்த வெள்ளிக்கிழமையின் முடிவை இன்னும் சொல்லவில்லை. 128-உம் 84-உம் கூட்டினால் 212. எதிர்த்தவர்கள் குடியரசுக் கட்சியினர் 86 பேர், ஜனநாயகக் கட்சியினர் 126 பேர். கூட்டிப் பாருங்கள். அதுவும் 212!

சமமாக வந்தால் அங்கே திருத்தம் தோற்றதாகக் கணக்கு. சபாநாயகர் வழக்கம்போல் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தால் 212-க்கு 211 என்று ஜெயித்திருக்கும். ஜான்ஸன் இல்லை என்று போட்டார். எட்டாம் நாள், நள்ளிரவு தாண்டி செனட் சபையும் 60-க்கு 34 என்று மசோதாவை நிறைவேற்றியது. 2026 ஏப்ரல் வரை இரண்டு வருஷத்துக்கு அந்த அதிகாரம் நீண்டது. கையெழுத்துப் போட்டவர் பைடன். 2025 ஜனவரி 20-ஆம் தேதி அதே அதிகாரத்துடன் டிரம்ப் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 'நம் ஆள்தானே' என்று வாரண்டு வேண்டாமென்று போட்ட 126 பேரும் அன்று என்ன நினைத்தார்கள் என்பது ஓட்டுப் பட்டியலில் இல்லை.

அமாஷ் 2019 ஜூலை 4-ஆம் தேதி, தேசத்தின் சுதந்திர தினத்தன்று, தம் கட்சியை விட்டு வெளியேறினார். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. ஃபைன்கோல்ட் 2010-இல் தோற்றுப் போனார்.

பட்டியல்களைக் கட்டி வைப்பதற்கு முன்னால் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, 2013, 2018, 2024 மூன்றிலும் ஆம் என்று இருக்கும் பெயர்களுக்குக் கோடு போட ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டவர் கலிபோர்னியாவின் ஜோ லாஃப்கிரன் அம்மையார், ஜனநாயகக் கட்சி. அடுத்தவர் கென்டக்கியின் தாமஸ் மாஸ்ஸி, குடியரசுக் கட்சி. 2014-இல் 293 ஓட்டு வாங்கிய திருத்தத்தைக் கொண்டுவந்ததும் இந்த இருவர்தான். வேறு எதைக் கேட்டாலும் இவர் கிழக்கே என்றால் அவர் மேற்கே என்பார். மூன்று ஜனாதிபதிகள் வந்து போன பதினோரு வருஷத்தில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவர் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.